புறவாசல் குழாய்

பிளம்பர் மந்திரம் வந்துவிட்டான். பைக்கை வேப்பமர நிழலில் நிறுத்திவிட்டு, சாமான் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று யோசித்துக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வருகிறான். சொன்ன நாளில் வருகிற பிளம்பரை இந்த ஊரில் யாராவது பார்த்ததுண்டா. நாளைக்கு வருகிறேன் என்றால் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்றால் அடுத்த அமாவாசை, அதற்குள் ஒழுகல் தானாக நின்றிருக்கும் அல்லது வீடு மிதந்திருக்கும். எனக்கு வாய்த்தவன் மட்டும் சொன்ன நாளில் சொன்ன நேரத்துக்கு வந்து நிற்கிறான். ஹோசூரில் இருந்துகொண்டே என் மகன் சங்கர் போனில் எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டான். பாத்ரூம் குழாய் சொட்டுகிறது, அதை மாற்றணும். பிளஷ் டேங்க் நிற்காமல் ஓடுகிறது, அதைப் பார்க்கணும். சிங்குக்கு அடியில் கழிவுக் குழாய் ஒழுகி நான் வாளி வைத்திருக்கிறேன், அதைப் புதிதாகப் போடணும். அப்புறம், அம்மா இனிமேல் புறவாசலுக்குப் போய்க் குடம் சுமக்கக் கூடாது, நல்ல தண்ணி அடுப்படிக்குள்ளேயே வரணும். இந்தக் கடைசி ஒன்றைத்தான் நேற்றிலிருந்து மென்றுகொண்டிருக்கிறேன், விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. மற்ற வீட்டில் பெற்ற தாய்க்குத் தண்ணீர் தரச் சொன்னால் பிள்ளைகள் ஓடி ஒளிகிறார்கள். என் பிள்ளை தண்ணீரைக் கையில் கொண்டுவந்து கொடுக்கிறான். அதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணம் வேண்டும், வெளியில் சொல்லக் கூடிய காரணமாக இருக்க வேண்டும். உள்ளே இருக்கிற காரணத்தைச் சொன்னால் இந்த வயதில் இந்தக் கூத்தா என்பார்கள். எனக்கே அப்படித்தான் தோன்றுகிறது, ஆனாலும் அது போக மாட்டேன் என்கிறது.

பாத்ரூமில் தட்டுகிற சத்தம் கேட்கிறது. துருப்பிடித்த பழைய குழாய், லேசில் வராது. வராமல் இருக்கட்டும், சாயங்காலம் வரை அதோடு மல்லுக்கட்டட்டும். மந்திரம் வந்ததுமே அடுப்படியைப் பார்த்துச் சிரித்தான். சிரிக்க மாட்டானா பின்னே. சிங்குக்கு மேலே இரண்டு குழாய், ஒன்று உப்புத் தண்ணிக்கு, ஒன்று நல்ல தண்ணிக்கு. திறந்தால் இரண்டிலும் உப்புத் தண்ணி. ஆற்றிலிருந்து இத்தனை ஊர் தாண்டி வருகிற தண்ணீர் போய் விழுவது புறவாசலில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில். வீடு கட்டும்போது தெருக் குழாயும், போர் தண்ணி ஏறுகிற மாடித் தொட்டிக் குழாயும் பின் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் வந்தன, எந்த வாயை எந்த வாயோடு சேர்ப்பது என்பதில் சங்கருடைய அப்பா தானே நின்று கைகாட்டி வேலை வாங்கினார். கொத்தனார் கேட்டிருக்கிறார், இதுவா அதுவா என்று. இதுதான் என்றிருக்கிறார். பால் காய்ச்சிய அன்றைக்குப் பால் திரிந்துபோனபோது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, அவருக்கும் தெரிந்துவிட்டது, ஆனால் அவர் வாயால் ஒத்துக்கொள்ள மாட்டார். அப்படித்தான் வைக்கச் சொன்னேன், நல்ல தண்ணி வெட்ட வெளியில் வந்தால்தான் காற்றுப்பட்டு ருசிக்கும் என்று வேலை பார்த்த லாரி ஆபீசில் உள்ளவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டு வந்தார். சொன்ன பிறகு மாற்ற முடியுமா. நானும் சுமந்தேன். வெயிலில், மழையில், சங்கர் வயிற்றில் இருந்தபோது, அவர் போய்ச் சேர்ந்த பிறகு. நல்ல மனிதர்தான், குறை சொல்ல ஒன்றும் இல்லை. சம்பளத்தைக் கையில் கொடுப்பார், ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. சாப்பிடும்போது பேப்பர் படிப்பார். நான் பேசினால் ம் என்பார், பேசாமல் இருந்தாலும் கொஞ்ச நேரம் கழித்து ம் என்பார். அவர் செய்த அந்த ஒரு தப்பைத்தான் அவர் எனக்கு வைத்துவிட்டுப் போன சொத்து என்று நினைக்கிறேன், நினைத்துவிட்டு உடனே சுவரில் மாட்டியிருக்கிற அவர் படத்தைப் பார்க்கப் பயப்படுகிறேன். படத்தில் அவர் எப்போதும் போலத்தான் இருக்கிறார்.

தட்டல் நின்றுவிட்டது. மந்திரம் எட்டிப் பார்த்து, பாத்ரூம் முடிஞ்சது, இனி சொட்டாது என்கிறான். அதற்குள்ளா. சொட்டுகிற சத்தம் இல்லாமல் வீடு என்னவோ போல இருக்கிறது. எத்தனை மாதமாய் அந்தச் சத்தத்தைத் திட்டியிருப்பேன், இன்றைக்கு அதையும் பறித்துவிட்டார்கள் என்று மனசு குற்றம் சாட்டுகிறது. இன்றைக்குத் தண்ணி நாள். மூன்று நாளைக்கு ஒருமுறையோ நான்கு நாளைக்கு ஒருமுறையோ, விடுகிறவன் மனசு வைத்தால் சாயங்காலம் நாலு நாலரைக்குத் தெருவில் தண்ணீர் வரும். தெருவில் உள்ளவர்கள் அந்த நாளைச் சபிப்பார்கள், ஒரு கல்யாணத்துக்குப் போக முடியவில்லை, ஒரு ஆஸ்பத்திரிக்குப் போக முடியவில்லை என்று. நான் அந்த நாளில் காலையிலேயே தலைக்குக் குளித்துவிடுகிறேன். யாராவது கேட்டால் தண்ணி நாளில் மடியாகப் பிடிக்கணும் என்பேன், யாரும் கேட்டதில்லை. புறவாசல் மதிலுக்கு அந்தப் பக்கம் ஞானதுரை வீடு. மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து ஓய்வுபெற்றவர். அவர் மனைவி எஸ்தர் இருந்தவரை அவள்தான் அந்தப் பக்கக் குழாயில் பிடிப்பாள், நான் இந்தப் பக்கம், இரண்டு பேரும் மதிலுக்கு மேலே ஊர்க் கதை எல்லாம் பேசி முடித்துவிடுவோம். எஸ்தர் போன பிறகு அவர் வந்து நின்றார். குடம் நிறைந்து வழிவது தெரியாமல் நிற்பார். குழாய் வாயில் துணி கட்ட வேண்டும், இல்லாவிட்டால் மண் வரும் என்பதுகூடத் தெரியாது, கர்ச்சீப்பைக் கட்டித் தண்ணீரே இறங்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் செத்த வீட்டில் சிரித்த மாதிரி ஆகிவிடும் என்று உள்ளே ஓடிப்போய் என் பழைய நூல் சேலையில் ஒரு துண்டு கிழித்து மதில்மேல் வைத்தேன். அதைத்தான் கட்டினார். என் குழாயிலும் அதே சேலைதான். நீலத்தில் மஞ்சள் கரை. அது நைந்தபோது இன்னொரு துண்டு, அதுவும் நைந்தபோது இன்னொன்று, முந்தானை வரைக்கும் வந்துவிட்டோம்.

மந்திரம் பிளஷ் டேங்கைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே இருக்கிற வாஷர் தேய்ந்துவிட்டது என்கிறான். சின்ன ரப்பர் வட்டம், அதைக் காட்டி இதுனாலதான்க்கா இவ்வளவு தண்ணியும் போயிருக்கு என்கிறான். போகட்டும். எதை நினைத்துக்கொண்டிருந்தேன், மதிலுக்கு அந்தப் பக்கம் அவர் தண்ணீர் குடிப்பதை. அவர் குழாய்க்குத் தண்ணீர் எனக்கு வந்து கொஞ்சம் கழித்துத்தான் வரும், அந்தப் பக்கம் மேடு. காத்துக்கொண்டு நிற்பார். கலங்கல் போய்த் தெளிந்ததும் ஒரு தம்ளரில் பிடித்து மதில்மேல் வைப்பேன், எடுத்து அண்ணாந்து குடித்துவிட்டு மதில்மேல் வைப்பார், நான் எடுத்துக்கொள்வேன். கைக்குக் கை கொடுத்ததில்லை. பேச்சு என்றால் பெரிதாக ஒன்றும் கிடையாது. எந்த மாடு எவரை உதைத்தது, கழுத்தில் கயிறு இறுகிய கன்றுக்குட்டியை எப்படிக் காப்பாற்றினார், இன்றைக்கு என்ன குழம்பு, ரசத்தில் பூண்டை எப்போது போட வேண்டும். நான் சொன்னதை அடுத்த தண்ணி நாளில் நினைவு வைத்துக் கேட்பார். போன தடவை ஏதோ கனவு வந்ததாகச் சொன்னீர்களே, முழுசாகச் சொல்லவில்லையே என்று கேட்டார். என் கனவை ஒரு மனிதர் நாலு நாள் கையில் வைத்துக்கொண்டிருந்தார் என்று நினைத்து அன்றைக்கு ராத்திரி நான் தூங்கவில்லை. ஒரு தடவை அண்ணாந்து குடிக்காமல் வாய் வைத்துக் குடித்துவிட்டார். அவருக்கே பிறகுதான் உறைத்தது. கழுவித் தாரேன் என்றார், நான் வேண்டாம் என்று வாங்கி வந்து அடுப்படித் திட்டில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றேன். கழுவினேனா, கழுவினேன், அடுத்த நாள். முதலில் எல்லோரையும் போல அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். எப்போது அதை விட்டேன் என்று தெரியவில்லை. ஒரு நாள் கவனித்தபோது வாங்க, போங்க, கேட்டீங்களா என்று உறவு எதுவும் ஒட்டாமலே பேசிக்கொண்டிருந்தேன். அவரும் எஸ்தர் இருக்கும்போது உலகம்மாக்கா என்பார், இப்போது அக்காவும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாமல் கூப்பிடுகிற அந்த இடம்தான் எனக்குப் பயமாக இருக்கிறது, அந்த இடத்தில்தான் போய்ப் போய் உட்காரவும் தோன்றுகிறது.

குடம் இல்லாமல் போய் நிற்கலாமே என்று ஒருத்தி கேட்பாள், அவளுக்கு இந்தத் தெரு தெரியாது. இடுப்பில் குடம் இருந்தால் அது தண்ணீர் பிடிப்பது. குடம் இல்லாவிட்டால் அதற்கு வேறு பெயர். புருஷனை இழந்தவள் மதிலுக்கு இந்தப் பக்கம், பொண்டாட்டியை இழந்தவர் மதிலுக்கு அந்தப் பக்கம், நடுவில் ஒரு குடமாவது வேண்டாமா. சங்கருக்குத் தெரியுமா. இதுதான் சிக்கல், எங்கே சுற்றினாலும் இங்கேதான் வந்து சேலை முள்ளில் மாட்டுகிறது. பொங்கலுக்கு வந்திருந்தான். அன்றைக்குத் தண்ணீர் வந்தது, நான் பிடித்துக்கொண்டிருந்தேன், அவர் ஏதோ சொன்னார், நான் வாய்விட்டுச் சிரித்தேன். திரும்பினால் சங்கர் நிலைப்படியில் நிற்கிறான், கையில் பல்தேய்க்கிற பிரஷ். சாயங்காலம் எதற்குப் பல் தேய்த்தான், தூங்கி எழுந்திருப்பான். குடத்தைத் தூக்க வந்தேன் என்றான். தூக்கிக்கொண்டு போனான். ஊருக்குப் போன பிறகு ஒரு மாதம் கழித்துத்தான் குழாயை மாற்றுவோம் என்று ஆரம்பித்தான். நடுவில் நான் இடுப்பு வலிக்குது என்று போனில் சொன்னேன். உண்மையில் அவ்வளவு வலி இல்லை, அவன் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிடுவான், வலி என்று சொன்னால் கொஞ்சம் நேரம் பேசுவான் என்று சொன்னேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது நான்தான். அவன் சிரிப்பைப் பார்த்துவிட்டு மாற்றச் சொன்னானா, வலியைக் கேட்டுவிட்டு மாற்றச் சொன்னானா. பார்த்துவிட்டுத்தான் என்றால் அவன் முகத்தில் எப்படி விழிப்பேன். வலிக்காகத்தான் என்றால் இப்படி அன்பாய் இருக்கிற பிள்ளையைச் சந்தேகப்படுகிற நான் என்ன தாய். இரண்டு பக்கமும் எனக்குத்தான் அடி.

மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது. மந்திரம் சிங்குக்கு அடியில் படுத்துக்கொண்டு பழைய குழாயை உருவிவிட்டான், அதற்குள் அடைத்திருந்ததெல்லாம் வாளியில் விழுந்தது, என் மானமே விழுந்த மாதிரி இருந்தது. நான் ஒரு தந்திரம் செய்து பார்க்கிறேன். காப்பி போட்டுக் கொடுத்தேன், மெதுவாகக் குடிக்கட்டும் என்று ஆவி பறக்கக் கொடுத்தேன், ஊதி ஊதி ஒரே மூச்சில் குடித்துவிட்டான். மாடித் தொட்டி நிறைந்தாலும் மூடாமல் வழிகிறது, மிதவையைக் கொஞ்சம் பாருங்க தம்பி என்றேன். போய்ப் பார்த்தான், கையால் இரண்டு முறை அமுக்கிச் சரிசெய்துவிட்டு இறங்கி வந்துவிட்டான். வாசல் தோட்டத்துக் குழாய் இறுகிக் கிடக்கிறது என்றேன். எண்ணெய் விட்டான். சாப்பிட்டுவிட்டுப் போங்க என்றேன், வீட்டிலிருந்து கொண்டுவந்திருக்கிறேன் என்று பைக்கில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்து, மூடினான். தண்ணீர் வருவதற்குள் இன்றைக்கு ஓட்டிவிட்டால் அடுத்த தடவை என்று தள்ளலாம், அடுத்த தடவை இவன் வேறு வேலைக்குப் போய்விடுவான், சங்கரும் மறந்துவிடுவான், என் கணக்கு அது. கடைசியில் நேராகவே சொல்லிப் பார்த்தேன், அந்தப் புறவாசல் குழாய் இருந்துட்டுப் போகட்டுமே, பழகிப்போச்சு. மந்திரம் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். பழகிப்போச்சுன்னு எத்தனை வருசத்துக்கு உப்புத் தண்ணில கை கழுவுவீங்க, அண்ணன் அதத்தான் முக்கியமாச் சொன்னாவ, முடிச்சிட்டு வீடியோ எடுத்து அனுப்பணும்னு சொல்லிருக்காவ என்றான். நல்ல வேலைக்காரன் ஒருவன் தப்பான குழாயைப் பார்த்துவிட்டால் அதை விட்டுவிட்டுப் போக அவனுக்குக் கை வராது. பல்லில் மாட்டிய பாக்குத் துணுக்கு அவனுக்கு அது. எனக்கோ, போகட்டும், எனக்கு அது என்ன என்று அவனிடம் எப்படிச் சொல்வேன்.

புறவாசலுக்குப் போய்விட்டான். நான் அடுப்படி ஜன்னலுக்குப் பக்கத்தில் அரிசி புடைக்கிற மாதிரி நிற்கிறேன், முறத்தில் அரிசி சுத்தமாகத்தான் இருக்கிறது. முதலில் குழாயைத் திறந்து தேங்கியிருந்த தண்ணீரை வடியவிட்டுவிட்டு, வாயில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தான். அவிழ்த்துக் குப்பையோடு போட்டான். என்னால் தாங்க முடியவில்லை, வெளியே போய் அதைக் குனிந்து எடுத்தேன், கரித்துணிக்கு ஆகும் என்று சொல்லிக்கொண்டே. ஈரத்தோடு முந்தியில் முடிந்துகொண்டு ஜன்னலுக்கே திரும்பி வந்தேன், வயிற்றில் சில்லென்று படுகிறது. அப்புறம் நடந்ததுதான் நான் எதிர்பார்க்காதது. நம் வீட்டுக்கு வருகிற தெருக் குழாயின் வால்வு அந்தப் பக்கம் மதிலோரத்தில் இருக்கிறது. மந்திரம் மதிலைத் தட்டிக் கூப்பிட்டான். அண்ணாச்சி, இந்த லைன் வால்வக் கொஞ்சம் மூடுங்க, இன்னைக்கு முன்னக்கூட்டியே தண்ணி விட்டுட்டாம்னா பசை ஒட்டாது, நாலு மணிக்கு மேல திறந்தாப் போதும் என்றான். என்ன வேலை நடக்குது என்று அவர் குரல் கேட்டது. மந்திரம் விளக்கமாகச் சொன்னான், நல்ல தண்ணி அடுப்படிக்குள்ள போயிரும், இந்தக் கல்லுப் பக்கத்துக் குழாய்க்கு மேல் தொட்டி உப்புத் தண்ணி வந்துரும், இனி அக்கா இங்க வர வேண்டிய வேலையே இல்ல என்று. அப்படியே சொன்னான், வேலையே இல்லை என்று. நான் முறத்தை ஆட்டுவதை நிறுத்திவிட்டேன். மதில்மேல் அணில் ஒன்று ஓடியது. பிறகு அவர் சொன்னார், “நல்ல காரியம்தான். அவங்களுக்கும் இடுப்பு வலின்னு சொன்னாங்க.” அவ்வளவுதான். வால்வு திருகுகிற கிறீச்சுச் சத்தம் கேட்டது. அவர் கையாலேயே மூடினார்.

நல்ல காரியம்தானாம். நான் காலையிலிருந்து ஒரு பிளம்பரோடு பாம்பும் கீரியுமாக நின்று காப்பாற்றப் பார்த்ததை நல்ல காரியம்தான் என்று ஒரு வரியில் மூடிவிட்டார். இதற்குத்தானா தலைக்குக் குளித்தேன். ஹாக்ஸா பிளேடு குழாயை அறுக்கிற சத்தம் சுவர் வழியாக வந்து பல்லில் ஏறுகிறது. நானாகவே கட்டிக்கொண்ட கோட்டை, அவருக்கு இதில் என்ன இருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரி, தம்ளரில் தண்ணீர் தந்தாள், குடித்தார். தாகத்துக்குக் குடித்தவரைப் போய் என்ன சொல்ல. ஒருவேளை அவருக்கும் இது ஒரு தொல்லையாக இருந்திருக்குமோ, நான் சிரித்துப் பேசுகிறேனே என்று மரியாதைக்கு நின்றிருப்பாரோ. இடுப்பு வலியை அவரிடமும் சொல்லியிருக்கிறேன், எனக்கு மறந்தே போயிருந்தது, அவர் ஞாபகம் வைத்திருக்கிறார். ஞாபகம் வைத்திருக்கிறார் என்பதில் ஒரு நிமிஷம் மனசு குளிர்கிறது, அடுத்த நிமிஷமே, ஞாபகம் வைத்திருந்துதானே மூடினார் என்று காய்கிறது. எனக்கு என்ன வேண்டும், கல்யாணமா காட்சியா. மூன்று நாளைக்கோ நாலு நாளைக்கோ ஒருமுறை ஒரு குடம் நிறைகிற நேரம். அதில் ஒருவர், அப்புறம் என்ன ஆச்சு என்று என்னைக் கேட்க வேண்டும். இந்த வீட்டில் ஆயுசுக்கும் என்னை அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டவர்கள் யாரும் இல்லை. அதைக் கேட்கிற குரலுக்குத்தான் நான் ஏங்குகிறேன், ஏங்குகிறேன் என்று எனக்குள்ளேயே சொல்லிப் பார்க்கிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. சங்கர் போன் பண்ணுகிறான். வேலை எப்படிப் போகுது என்கிறான். நல்லாப் போகுது என்கிறேன். இனிமே நீ வெளிய போக வேண்டாம்லாம்மா என்கிறான். அதில் ஏதாவது இருக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறேன். வெயில் ரொம்ப ஏறுது பாரு, அதான் என்கிறான். வெயிலுக்காகத்தான் சொல்கிறான். அல்லது வெயில் என்று சொல்லிக்கொள்கிறான். பிள்ளை வளர்ந்துவிட்டால் அவன் குரலில் எது எங்கே இருக்கிறது என்று தாய்க்குத் தெரிவதில்லை.

மந்திரம் எல்லாவற்றையும் முடித்துவிட்டான். அடுப்படிக்கு வந்து புதுக் குழாயைப் பெருமையோடு துடைத்துக் காட்டினான், பளபளவென்று இருக்கிறது, என் முகம் அதில் கோணலாகத் தெரிந்தது. தண்ணி வந்ததும் திறந்து பாருங்க, முதல்ல காத்து வரும், பயப்படாதீங்க, சொட்டு ஒழுகினாலும் போன் பண்ணுங்க, வந்துருதேன் என்று சொல்லிவிட்டு, சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான். சொன்னால் வந்துவிடுவான், அவன்தான் சொன்ன சொல் மாறாதவன் ஆயிற்றே. வீடு இப்போது எங்கேயும் சொட்டவில்லை, ஓடவில்லை, ஒழுகவில்லை. இப்படி ஒரு நிசப்தம் இந்த வீட்டில் இருந்ததே இல்லை. முந்தியில் முடிந்த துணி காய்ந்துகொண்டு வருகிறது. அதை அவிழ்த்து மடியில் விரித்துப் பார்க்கிறேன், மஞ்சள் கரை வெளுத்து எலுமிச்சம்பழ நிறமாகிவிட்டது, நடுவில் ஆற்று மண் வட்டமாகப் படிந்திருக்கிறது. இன்றைக்கு அவர் வால்வைத் திறக்க மறந்துவிட்டால் என்று ஒரு நினைப்பு. மறக்கட்டும், மறந்துவிட்டு வீட்டுக்குள் போய்விடட்டும், தண்ணீர் வராது, நான் குடத்தை எடுத்துக்கொண்டு போய் வரலையே என்று கேட்கலாம். நாலு மணி. நாலுக்கு மேலே. சுவருக்குள் கிறீச்சென்று அந்தச் சத்தம். திறந்துவிட்டார், சரியான நேரத்துக்கு, கடமை தவறாத மனிதர். அடுப்படிக் குழாய் இருமியது, காற்றைக் கக்கியது, சிவப்பாய்க் கொஞ்சம் துப்பியது, பிறகு சிங்கில் கண்ணாடியாய் விழ ஆரம்பித்தது. கையில் ஏந்திக் குடித்தேன். இனிக்கிறது. எத்தனை வருஷம் கழித்து இந்தக் குழாய் இனிக்கிறது. சங்கர் அப்பா இருந்தால் இதையும் நான்தான் அப்படி வைக்கச் சொன்னேன் என்றிருப்பார். குடங்களையெல்லாம் பிடித்து வைத்தேன், தவலையிலும் ஊற்றினேன், ஒரு சொட்டு சிந்தவில்லை, இடுப்பு வலிக்கவில்லை, அழுகை வந்தது.

புறவாசலில் இருமல் கேட்கிறது. அவர் இருமல். குடம் வைக்கிற சத்தம், அவர் குழாய்க்கு இன்னும் வரவில்லை, காத்துக்கொண்டு நிற்கிறார். எப்போதும் நிற்கிற இடத்தில் நிற்கிறார், எனக்கு இங்கிருந்தே தெரியும். நான் போகக் கூடாது. போனால் எதற்குப் போனேன் என்று ஆகிவிடும், நல்ல காரியம்தான் என்றவருக்கு முன்னால் வெறும் ஆளாகப் போய் நிற்க முடியுமா. பெரிய எவர்சில்வர் குடம் மட்டும் காலியாக இருக்கிறது. அதை யார் காலியாக வைத்தார்கள், எல்லாவற்றையும் நிறைத்த நான்தான் அதை மட்டும் விட்டு வைத்திருக்கிறேன். என் கை அதை எடுத்து இடுப்பில் வைத்துவிட்டது, தம்ளரையும் எடுத்துக்கொண்டது, கால் நிலைப்படியைத் தாண்டிவிட்டது. மதிலுக்கு மேலே அவர் தலை தெரிகிறது. என்னைப் பார்த்தார், குடத்தைப் பார்த்தார். துவைக்கிற கல் பக்கத்தில் புதுக் குழாய், வாயில் துணி இல்லாமல் மொட்டையாக இருக்கிறது. மடியில் சொருகியிருந்த அந்தத் துணியை எடுத்துக் கட்டினேன். தொட்டித் தண்ணீரில் மண் வராது, வடிகட்ட ஒன்றும் இல்லை, இருந்தாலும் கட்டினேன், இறுக்கி முடிச்சுப் போட்டேன். திறந்தேன். தண்ணீர் குடத்தின் அடியில் டங்கென்று விழுந்து, பிறகு சத்தம் குறைந்து குறைந்து வந்தது. அவர் அதையே கேட்டுக்கொண்டு நின்றார். கை பழக்கத்தில் தம்ளரில் பிடித்து மதில்மேல் வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் உறைத்தது, உப்புத் தண்ணி. ஐயோ என்று எடுக்கப் போவதற்குள் அவர் எடுத்துவிட்டார். அண்ணாந்து குடிக்கவில்லை. வாய் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக, கடைசிச் சொட்டு வரை குடித்தார். முகம் சுளிக்கவில்லை. தம்ளரை மதில்மேல் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

“இது மேல் தொட்டித் தண்ணிதான?” என்றார்.

ஆமாம் என்றேன்.

“அப்ப இது தெனமும் வரும்லா.”

எனக்கு அது தோன்றவே இல்லை. காலையிலிருந்து இத்தனை சுற்றுச் சுற்றியும் அது மட்டும் தோன்றவில்லை. நான் அவரைப் பார்த்தேன். அவர் வால்வு இருக்கிற பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார், காது மடல் சிவந்திருந்தது. குடம் நிறைந்து வழிந்து என் காலை நனைத்தது, இரண்டு பேருமே குழாயை மூடவில்லை. தம்ளரை மதிலுக்கு மேலாக நீட்டினார். நான் கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

“நாளைக்குச் சின்னக் குடமா எடுத்துட்டு வாங்க,” என்றார். “இடுப்பு வலிக்கும்.”